கனமான கொய்யாப் பை

அலையை அனுப்பிவிட்டுத் திரும்ப இழுத்துக்கொள்ளும் வித்தையைக் கடல் கற்றுக்கொண்டதே எங்கள் ஷி மாவ்-ஸுன் பெரியப்பாவைப் பார்த்துத்தான். எங்கள் கடலோர ஊரான லுகாங் பக்கம் இதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. சரக்கை உலகத்துக்கு அனுப்ப ஆயிரம் கப்பல் இருக்கின்றன. அந்தச் சரக்கில் வீணாய்ப்போனதை வீடு தேடித் திரும்பக் கொண்டுவர மூவுலகத்திலும் ஒரே ஆள், ஒரே நீலக் குட்டி லாரி. அந்த லாரியின் வலது கதவு, அதாவது ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக் கதவு, உள்ளேயிருந்து திறக்காது என்பது வேறு விஷயம்.

இப்பேர்ப்பட்ட மனிதர் தன் தொழில் இன்னதென்று இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"என்ன வேலைங்க பாக்கறீங்க?"

"வண்டி ஓட்டறேன்."

"வண்டியில என்ன?"

"சாமான்."

"என்ன சாமான்?"

"மேற்கால இருட்டிக்கிட்டு வருது பாத்தீங்களா? மழ வரும்."

எங்கள் ஊரில் தண்ணீர்க் குழாய் செய்கிறோம். குளியலறையில் நீங்கள் திருகுகிற, முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கிற அதே குழாய்தான். எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. ஒரு வீட்டில் பித்தளையை வார்ப்பார்கள். அடுத்த வீட்டில் துளை போடுவார்கள். தெருக்கோடி வீட்டில் சக்கரத்தில் பிடித்துப் பாலிஷ் போடுவார்கள். வாய்க்கால் ஓரத்துப் பட்டறையில் குரோம் முலாம் ஏற்றுவார்கள். கடைசியில் எல்லாம் எங்கள் கம்பெனிக்கு வந்து பூட்டப்பட்டு அட்டைப்பெட்டியில் ஏறும். நான் மூன்று மாதம் அந்தக் கம்பெனி, மூன்று மாதம் பள்ளிக்கூடம் என்று மாறிமாறிப் போகிற தொழிற்பள்ளி மாணவி. இரண்டிலும் பாதிப் பாதி தேறியிருக்கிறேன்.

குழாய் சில சமயம் ஒழுகும். முலாம் கொப்பளிக்கும். கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். எந்த வீட்டில் கெட்டதோ அந்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துச் சரிசெய்து வாங்க வேண்டும். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. பாலிஷ் போட்டவர் வார்த்தவரின் மச்சானாக இருப்பார். முலாம் போட்டவரும் துளை போட்டவரும் கோவில் ஊர்வலத்தில் ஒரே பல்லக்கின் முன்னும் பின்னும் தோள் கொடுப்பவர்களாக இருப்பார்கள். அப்படிப்பட்டவர் வாசலில், மாமியாரும் மருமகளும் பார்த்துக்கொண்டிருக்க, "இந்தாங்க, உங்க வேலை கெட்டுப்போச்சு" என்று ஒரு குழாயை நீட்டுவது கன்னத்தில் அறைவது மாதிரி. அறைந்தாலாவது அடுத்த திருவிழாவுக்குள் மறந்துவிடுவார்கள்.

அதற்குத்தான் கொய்யா. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பிளாஸ்டிக் பையின் அடியில் கெட்ட குழாய்களைப் போட்டு, மேலே கொய்யாப்பழங்களை அடுக்குவார் பெரியப்பா. வாசலில் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் இருமுவார்.

"வாங்கண்ணே. எதுக்கு இதெல்லாம்?"

"ஷெதோவ் பக்கம் போனேன். மலிவாக் கெடச்சுது."

பையை வாங்கியவரின் கை ஒரு சாண் கீழே இறங்கும்.

"இந்தத் தடவ ரொம்பக் கனமா இருக்கே."

"மழ ஜாஸ்தில்ல. பழத்துல தண்ணி ஏறிப்போச்சு."

"போன மாசம் இவ்வளவு கனமில்லியே!" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுப்பார்.

"நீ உள்ள உன் வேலயப் பாரு."

அவ்வளவுதான். குழாய் என்ற வார்த்தையே வராது. அடுத்த முறை போகும்போது அந்த வீட்டுக்காரர் முள்ளங்கி வற்றல் ஒரு பை கொடுப்பார். வற்றலுக்கு அடியில், சரிசெய்த குழாய்கள் குழந்தைகள் மாதிரி சமர்த்தாகப் படுத்திருக்கும். ஊர் முழுக்க இந்த நாடகம்தான். பெரியப்பா வீட்டில் முள்ளங்கி வற்றல் போடாத சாறே கிடையாது.

நான் அவர் வண்டியில் ஏறிய முதல் நாள் எனக்கும் ஒரு பழம் நீட்டினார்.

"வேணாம் பெரியப்பா. அந்த வாசனயே எனக்கு ஆகாது. வெத வேற பல்லுக் கம்பியில மாட்டிக்கும்."

"கொய்யா ஆகாத பிள்ளய இந்த ஜில்லாவுல இப்பத்தான் பாக்கறேன், குரங்கே."

குரங்கு என்பது என் பெயர் அல்ல. ஆனால் அவர் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடுவேன்.

பெரியப்பா எப்போதும் இப்படி இருமுகிறவராக இருந்ததில்லை என்று பெட்டி கட்டும் அக்காக்கள் சொன்னார்கள். இளவயதில் அவர் குரல் பட்டறைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்குமாம். ஒரு திருவிழா அன்று கடலம்மன் பல்லக்கு தெருவுக்குள் நுழைகிற நேரம். அவர் ஒரு கோணிப்பை நிறையக் கெட்ட குழாய்களைப் பாலிஷ் போடுகிற ஒருவர் வாசலில் கொட்டி, "இதுக்குப் பேரு வேலையா?" என்று கத்தினாராம். குழாய்கள் சிமெண்டுத் தரையில் உருண்டு பல்லக்குத் தூக்கிகள் காலடிவரை போயின. பல்லக்கே நின்று பார்த்தது. அந்த வீட்டுக்காரர் வேறு யாருமில்லை, பெரியப்பாவின் மனைவி பீ-யுன் பெரியம்மாவின் சொந்த அண்ணன்.

அண்ணன் அடுத்த வாரமே கடல் தாண்டி வேலைக்குப் போய்விட்டார். புத்தாண்டுக்கும் வரவில்லை. அப்பா சாவுக்கு வந்தவர், வந்த வண்டியிலேயே திரும்பினார். பெரியம்மா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். அண்ணன் விட்டுப்போன பாலிஷ் சக்கரத்தைத் தன் வீட்டு முன்னறையில் கொண்டுவந்து போட்டு, அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். அடுத்த முறை பெரியப்பா கோணிப்பையோடு கிளம்பியபோது, அவர் கையிலிருந்து பையை வாங்கி, மேலே கொய்யாப்பழங்களை வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அந்தப் பைக்குள் போன குரல் திரும்பி வெளியே வரவே இல்லை.

போன குளிர்காலத்தின் கடைசியில் எங்கள் கம்பெனிக்கு அறிவு வந்தது. அதாவது, அறிவுள்ள தொழிற்சாலையாக மாற முதலாளிக்கு அரசாங்க உதவி கிடைத்தது. தைச்சுங் நகரத்திலிருந்து லியென் மேடம் என்ற எஞ்சினியர் வந்தார். வயது முப்பதுக்குள்தான். எப்போதும் அவசரமாக நடப்பார், ஆனால் எல்லோருக்கும் நின்று வணக்கம் சொல்வார். குழாய் பூட்டுகிற வரிசையில் ஒரு கேமரா கண்ணைப் பொருத்தினார். கூடத்துச் சுவரில் பெரிய திரை வைத்தார். திரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விளக்கு. நல்ல வேலை என்றால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், கெட்டது என்றால் சிவப்பு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒட்ட ஒரு கியூஆர் அட்டை. கெட்ட குழாயைக் கடைக்காரர் கொடுக்கும்போது ஒரு முறை ஸ்கேன். எந்த வீட்டில் ஒப்படைக்கிறோமோ அந்த வாசலில் இன்னொரு முறை ஸ்கேன்.

"எங்க கெடுதுன்னு தெரிஞ்சாத்தான் சார் எந்திரம் கத்துக்கும்" என்றார் லியென் மேடம்.

"அதெல்லாம் சரிம்மா. ஆனா சிவப்பு எதுக்கு? பச்சையிலயே ரெண்டு மூணு ஷேடு வைங்களேன்" என்றார் முதலாளி.

ஸ்கேனர் என் கைக்கு வந்த கதை தனி. குழாய்ப் பெட்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒன்றை முதலாளியின் கோட்டு முதுகில் ஒட்டிவிட்டேன். அவர் கேமராவைத் தாண்டி நடந்தார். திரை சொன்னது: 'உடல்: சரி. மேற்பூச்சு: இரண்டாம் தரம்.' கூடமே சிரித்தது. மறுநாள் காலை நான் ஸ்கேனரோடு நீல லாரியில் ஏற்றப்பட்டேன்.

கேமராவுக்கு முதலில் பாடம் நடத்த வேண்டுமாம். நல்ல குழாய் இது, கெட்ட குழாய் இது என்று காட்ட வேண்டும். லியென் மேடம் எல்லா வீடுகளிலிருந்தும் கெட்ட குழாய்களைக் கேட்டார். எல்லோரும் மரியாதையாகக் கொண்டுவந்தார்கள். மேசையில் வரிசையாக நின்றன. எல்லாம் தகதகவென்று மின்னின.

லியென் மேடம் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணா, இதுல என்ன கெட்டுது?"

"கெட்டுத்தான் இருந்துச்சுங்க" என்றார் முலாம் பட்டறைக்காரர். "அப்படியே எப்படிங்க உங்க கையில குடுக்கறது? அதான் ஒருதடவ தேய்ச்சு, முலாம் ஏத்தி..."

"சரிபண்ணிட்டீங்களா?"

"சும்மா லேசா."

எல்லா வீட்டுக்காரர்களும் லேசாகத்தான் சரிசெய்திருந்தார்கள். ஒருவர் புது அட்டைப்பெட்டியில் போட்டு ரிப்பன்கூடக் கட்டியிருந்தார். லியென் மேடத்துக்கு வேறு வழியில்லை. கேமரா இவைதான் கெட்டவை என்று கற்றுக்கொண்டது. மறுநாள் எங்கள் சிறந்த குழாய்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டது. அன்று பாதி நாள் வரிசை நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் தேநீர் குடித்தோம்.

வண்டியிலும் அதே நிலைதான்.

"அந்தத் துப்பாக்கிய உள்ள வை. மனுசன் வாசல்ல போய் நீட்டாத" என்பார் பெரியப்பா. அவர் இருமும்போது நான் ஷூ நாடாவைக் கட்டுவது மாதிரி குனிந்து, கதவோர அட்டையைத் திருட்டுத்தனமாக ஸ்கேன் செய்வேன். அதற்கும் அட்டையைத் தேட வேண்டும். ஒரு வீட்டில் அதன்மேல் நாட்காட்டி தொங்கும். இன்னொரு வீட்டில் காயவைத்த மீன். ஓர் அட்டையை ஆடு தின்றுவிட்டதாகச் சொன்னார்கள். அந்த வீட்டில் ஆடே இல்லை.

அட்டைகள் ஒட்டி முடித்தபோது ஒன்று மிஞ்சியது. மிஞ்சியதைச் சும்மா விட்டால் நான் நானில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் வண்டியை நிறுத்துகிற சாலை வளைவில் ஒரு நிலச்சாமி கோவில் உண்டு. சாமிக்கும் ஒரு பூனைக்கும் மட்டுமே அதில் இடம். அதன் தூணில் அட்டையை ஒட்டி, வீட்டுக்காரர் பெயர் கேட்ட இடத்தில் 'நிலத்தார்' என்று தட்டினேன். அப்போது அது வெறும் விளையாட்டு.

பிறகு ஒரு நாள் லியென் மேடம் திரையைப் பார்த்துக்கொண்டே, "கடைக்காரங்க குடுத்தது எல்லாம் வீடுங்களுக்குப் போய்ச் சேரலையே. நடுவுல காணாமப் போகுது" என்றார்.

நடுவில் இருப்பது நீல லாரி. பித்தளைக்குப் பழைய சாமான் கடையில் நல்ல மதிப்பு உண்டு. அதற்குமேல் யாரும் விளக்கிச் சொல்லவில்லை. துளை போடுகிற ஆள் ஒருவர், பெரியப்பா காதில் விழுகிற தூரத்தில், "லாரிக்குப் பசி எடுக்குது போல" என்றார். பெட்டி கட்டுகிற அக்காக்கள் கையுறையைப் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பாவின் காதுமடல் மட்டும் சிவந்தது. அவர் போய் வண்டிச் சக்கரத்தில் காற்று சரியாக இருக்கிறதா என்று உதைத்துப் பார்த்தார். நான்கு சக்கரத்தையும் உதைத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் நோண்டுவேன். அவர் கொய்யா வாங்க இறங்கியபோது ஓட்டுநர் இருக்கையைத் தூக்கினேன். அடியில் பழைய துணியில் சுற்றிய குழாய்கள். எல்லாவற்றின் முதுகிலும் ஒரே மாதிரி சாய்ந்த கோடுகள், சரியாக வாராத தலைமுடி மாதிரி. பாலிஷ் போடுகிறவரின் தோள் சாய்ந்தால் கோடு சாயும். எங்கள் ஊரில் தோள் வலிக்கு மருந்துப் பட்டை ஒட்டிக்கொண்டு சக்கரத்தில் நிற்பவர் யார் என்று எனக்கும் தெரியும்.

அன்று பீ-யுன் பெரியம்மா காய் வாங்கச் சந்தைக்குப் போன நேரத்தில் பெரியப்பா வண்டியை வீட்டுக்கு விட்டார். "நீ இங்கயே இரு. ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துடறேன்." முன்னறையிலிருந்து சக்கரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் பக்கத்துக் கதவு வழியாக இறங்கிப் போய் ஜன்னலில் எட்டிப்பார்த்தேன். பெரியப்பா துணிச் சுருளைப் பிரித்து, மனைவியின் குழாய்களை ஒவ்வொன்றாகத் திருட்டுத்தனமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுமாராகத்தான் தேய்த்தார். கதவைப் பார்ப்பது பாதி, குழாயைப் பார்ப்பது பாதி. முகமூடிகூடப் போடவில்லை. இருமல் வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தக் குழாய்களைப் பெரியம்மா பேரில் ஸ்கேன் செய்தால், கூடத்தில் அவர் வீட்டு விளக்கு சிவப்பாகும். பெரியம்மா வாரம் தவறாமல் வேலையைக் கொண்டுவந்து கொடுப்பது அந்தத் திரைக்கு நேர் கீழேதான். அண்ணனைத் தெருவில் கூனிக்குறுக வைத்தவர், தங்கையைச் சுவரில் ஏற்றிவிட்டதாக ஆகும். ஸ்கேன் செய்யாவிட்டால் இவர் பித்தளைத் திருடன். அவர் திருடனாக இருந்துவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்திருந்தார்.

நான் முடிவு செய்யவில்லை. மதியம் அவர் இறங்கி மரத்தடியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பொரித்த பன்றித் துண்டைத் தின்றுவிட்டு அங்கேயே கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் இருக்கைக்கு அடியிலிருந்த குழாய்களை எடுத்துப் போய், நிலச்சாமி தூணில் ஸ்கேன் செய்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுவேன். ஒப்படைக்கப்பட்டது: நிலத்தார் வீடு. திரையில் காணாமல் போனவை எல்லாம் வந்து சேர்ந்தன. துளை போடுகிற ஆளின் வாய் மூடியது. பெரியப்பா திரையைப் பார்க்கிறவர் அல்ல. அவருக்கு என்ன நடந்ததென்றே தெரியாது. அவருக்கு இருந்த ஒரே புகார் வேறு.

"பையில பழம் கொறையுதே. நீ தின்னியா?"

"ஆமா. பசி."

"கேட்டுத் தின்னா கொறஞ்சா போயிடுவ?"

பிறகு பார்வையாளர்கள் வந்தார்கள். வெளியூர் முதலாளிகள், இரண்டு அதிகாரிகள். அறிவுள்ள தொழிற்சாலையைப் பார்த்து அவர்களும் அறிவு பெற வேண்டுமாம். வீட்டுப் பட்டறைக்காரர்களும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பின்னால் நின்றார்கள். பெரியப்பா தூணோரம். லியென் மேடம் புது உடுப்பில் விளக்குகளைக் காட்டினார். எல்லாம் பச்சை, சில மஞ்சள். ஒன்றே ஒன்று செக்கச்செவேல் என்று எரிந்தது.

அதிகாரி ஒருவர் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "நிலத்தார் வீடு. கெடுதல் எல்லாம் இவர்கிட்டதான் போலிருக்கே. யாரு இவரு?"

"அவரு... புதுசுங்க" என்றார் முதலாளி.

"கூப்பிடுங்க, பேசலாம். இந்த மாதிரி ஆளுக்குத்தான் பயிற்சி குடுக்கணும்."

முலாம் பட்டறைக்காரர் பின்னாலிருந்து, "அவரு எங்கயும் வரமாட்டாருங்க. நாமதான் போய்க் கும்பிடணும்" என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லியென் மேடம் ஒன்றும் புரியாமல் வரைபடத்தில் அந்த இடத்தின் தெருப் படத்தைத் திறந்தார். திரையில் சாலை வளைவு பெரிதாகி, கோவில் வந்தது. தாடியுள்ள நிலச்சாமி வந்தார். பூனையும் வந்தது. வெளியூர் முதலாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நான் எதிர்பார்த்த சிரிப்புதான். எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து ரசித்திருக்கிறேன். ஆனால் ஓட்டிப் பார்த்ததில் லியென் மேடம் இல்லை. அவர் திரையை அணைக்கப் பொத்தானை அழுத்தினார். அணையவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார். கழுத்து முழுக்கச் சிவந்துவிட்டது. உடுப்பின் கையில் விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த இடத்திலேயே ஓர் அட்டைப்பெட்டிக்குள் புகுந்து மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"யாரு வேலைன்னு கேக்கவே வேணாம். வா இங்க" என்றார் முதலாளி.

போனேன்.

"அந்தக் குழாயெல்லாம் எந்த வீட்டுது?"

தரையைப் பார்த்தேன்.

"சொல்லலைன்னா இன்னிக்கே பள்ளிக்கூடத்துக்கு எழுதிடுவேன். திரும்ப இந்த வாசல மிதிக்க முடியாது."

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் வாய் திறந்தது, மூடியது. பிறகு அவர் தன் செருப்பைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் எவ்வளவு சிறியவராகிப் போனார் என்றால், தூணுக்குப் பின்னால் மறைந்தே போய்விடுவார் என்று நினைத்தேன். ஊரே கேட்கக் கத்தத் தெரிந்த மனிதருக்கு, ஒரு பெண்பிள்ளைக்காக நாலு வார்த்தை எடுக்க முடியவில்லை.

"அது எந்த சாமியோடதும் இல்ல. என்னுது."

வாசலில் பீ-யுன் பெரியம்மா, இடுப்பில் வேலைக் கூடையோடு. முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார். மூக்கில் பித்தளைத் தூசி.

"அந்தக் குழாய் அத்தனையும் நான் போட்டது. தோள் போயிடுச்சு. கை சாயுது. இந்தப் பொண்ண விடுங்க."

"அதில்ல, நான் என்ன நெனச்சேன்னா..." என்று பெரியப்பா ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? சந்தைக்குப் போய்ட்டு வந்தா சக்கரம் சூடா இருக்கு. நான் ஓட்டாத சக்கரம் எப்படிச் சூடாகும்?" பெரியம்மாவின் குரல் உயரவே இல்லை. "எங்கண்ணனத் தெருவுல வச்சு அசிங்கப்படுத்துன. என்னை ஸீட்டுக்கு அடியில வச்சு அசிங்கப்படுத்திட்ட. எனக்கு ஒரு பை கொய்யா குடுக்கணும்னு உனக்குத் தோணலையா? ஊருக்கெல்லாம் குடுக்கறியே!"

யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பாவின் முகம் பழுத்துப் போயிருந்தது. அவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், சட்டைப் பையில் வைத்தார், எடுத்தார்.

லியென் மேடம்தான் அருகில் வந்தார். அவர் கழுத்து இன்னும் சிவப்பாகவே இருந்தது. "பெரியம்மா, சிவப்பு வந்தா திட்டறதுக்கு இல்ல. சக்கரம் உங்களுக்கு எந்த உயரத்துல இருக்கணும்னு பாக்கத்தான். உங்க பேர்ல மாத்தவா? வேணாம்னா விட்டுடறேன்."

"மாத்து. சாமி பேர எடு மொதல்ல. பாவம்."

விளக்கு பெரியம்மா பேருக்கு மாறியது. அவர் அதை அண்ணாந்து பார்த்தார். காது சிவந்ததே தவிர, தலையைத் தாழ்த்தவில்லை. கூடையை வழக்கமான இடத்தில் இறக்கிவைத்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போனார். பெரியப்பா வண்டியை எடுக்கவில்லை. பின்னாலேயே நடந்து போனார், பத்தடி இடைவெளி விட்டு.

இதனால் ஊர் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். மாறவில்லை. இப்போது இரண்டு வீடுகளில் மட்டும் கெட்ட குழாயைக் கையில் வாங்குகிறார்கள், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. மற்ற வீடுகளில் இன்றும் மழை ஜாஸ்தியாகத்தான் பெய்கிறது. லியென் மேடத்திடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் "சரி" என்றார், அவ்வளவுதான். வணக்கம் சொல்ல நிற்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டார். அது முதலாளி திட்டியதைவிட உறைத்தது. பெரியம்மா தன் கெட்ட குழாய்களைத் தேய்க்காமல், கழுவாமல், ஒரு கூடை அனுப்பினார். கேமரா கற்றுக்கொண்ட முதல் நிஜமான கெட்ட வேலை அவருடையதுதான். சாய்ந்த கோட்டைக் கண்டால் இப்போது அது சரியாகக் கத்துகிறது. கத்தும்போதெல்லாம் பெட்டி கட்டுகிற அக்காக்கள் சத்தமாக வேறு ஏதாவது பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பார்வையாளர்கள் வந்துபோன மறுநாளே பெரியப்பா தன் சொந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கோடு போட்ட பையோடு கதவுக்கு வெளியே நின்று இருமினார். பெரியம்மா வந்து, யாரோ விருந்தாளியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"எதுக்கு இதெல்லாம்?"

"ஷெதோவ் பக்கம் போனேன்."

பையை வாங்கியதும் பெரியம்மாவின் வலிக்கிற தோள் சாய்ந்தது. பெரியப்பா ஓர் அடி முன்னால் வந்து, அடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"கனமா இருக்கே."

"ஆமா" என்றார் பெரியப்பா. மழை என்று சொல்லவில்லை. "நெறைய இருக்கு."

நான் ஷூ நாடாவைக் கட்டாமல், நிமிர்ந்து நின்றே கதவு அட்டையை ஸ்கேன் செய்தேன்.

அன்று மதியம் சாலை வளைவில் வண்டியை நிறுத்தினார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. கோவிலுக்குப் போய், தூணிலிருந்த அட்டையைச் சாவியால் சுரண்டி எடுத்தார். 

"நேத்து அங்க நான் வாய் தொறந்திருக்கணும்" என்றார், என் பக்கம் திரும்பாமல்.

"அட விடுங்க பெரியப்பா. எனக்குத் திட்டு வாங்கறது பழக்கம்."

"சாமிகிட்ட மன்னிப்புக் கேளு."

கேட்டேன். சீக்கிரமாகக் கேட்டுவிட்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் வரவில்லை. ஊதுவத்திக் கிண்ணத்துக்குப் பின்னால் கையை விட்டு எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். சுருங்கி, கறுத்து, கல் மாதிரி ஆகிப்போன ஒரு கொய்யா. பிறகு இன்னொன்று. பாதி வாடியது, நேற்று வைத்தது மாதிரி இருப்பது. சாமியின் காலடியில் வரிசையாக வைத்துக்கொண்டே போனார்.

"குரங்கே."

"என்ன?"

"பையில பழம் கொறஞ்சப்போ நீ தின்னேன்னுதான சொன்ன?"

"பசின்னு சொன்னேன்ல."

"உனக்கு இந்த வாசனயே ஆகாதே." அவர் என்னைப் பார்த்தார். "சாமிக்குக் கெட்ட கொழாயக் குடுக்கும்போதுகூட வெறுங்கையோட போகலையா நீ?"

என் காதுமடல் சுடுவது எனக்கே தெரிந்தது. என் பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது, மறுபக்கம் அவர் நிற்கிறார். இறங்கி ஓடவும் வழியில்லை. கடல் பக்கம் பார்த்தேன்.

"மேற்கால இருட்டிக்கிட்டு வருது பாத்தீங்களா பெரியப்பா? மழ வரும்."

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

"வெயில் மண்டையப் பொளக்குது" என்றார்.